ஐந்து மணி அளவு

அதிகாலை ஐந்துக்கு நீர்மட்டம் பார்ப்பது என் வேலை.
அணையின் வயிற்றுக்குள் முந்நூற்றுப் பதினாறு படி இறங்கி,
கையில் டார்ச், கடைவாயில் சூரியகாந்தி விதை.
சுயுன்பெக் அப்போது இரவு ஷிப்டுப் பொறியாளன்.
தொலைபேசியை எடுத்ததும் ஒரே வார்த்தை:
"எவ்வளவு?"

அந்த ஆண்டு மாஸ்கோ எங்களை மறந்திருந்தது.
சம்பளத்துக்குப் பதில் மாவு தந்தார்கள்.
மாவு தீர்ந்ததும் ஒரு லாரி நிறைய ரப்பர் செருப்பு,
அத்தனையும் இடது கால்.
மூன்றாம் டர்பைனின் பேரிங் உடைந்தபோது
மாற்றுப் பாகம் வெளிநாட்டில் இருந்தது.
போன வருஷம் வரை அது வெளிநாடு இல்லை.
கைவிட்டுப் போன ராணுவ டாங்கி ஒன்றை அறுத்து
எண்பத்தொரு நாளில் அவனே ஒன்றைக் கடைந்தான்.
இன்றும் சுற்றுகிறது. ஈரக்காற்றில் கொஞ்சம் முனகும்.

அவன் மேலே போன கதை கேட்பவர்கள்
ஏணியைத் தேடுகிறார்கள்.
ஏணியே கிடையாது.
மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள்.
ஒருவர் சிறைக்கு, ஒருவர் துபாய்க்கு,
ஒருவர் தேர்தல் இரவில் ஜன்னல் வழியே.
தண்ணீர் வற்றினால்
பாறை எழுந்து நிற்பதுபோலத் தெரியும்.
பாறை அசைந்திருக்காது.

வடக்குக்காரர்களும் தெற்குக்காரர்களும்
நாற்பது நாள் பேசி ஒத்துப்போன ஒரே விஷயம்
இவனுக்கு யாரும் இல்லை என்பது.
மாமன் இல்லை, மந்தை இல்லை, சந்தையில் ஒரு கடைகூட இல்லை.
பிரதமராக்கினார்கள்.

மே மாதம், முதல் உரை. எல்லோரும் வானொலியைச் சுற்றி நின்றோம்.
"நீர்மட்டம் எண்ணூற்று ஐம்பத்தெட்டு மீட்டர்.
எண்ணூற்று நாற்பதுக்குக் கீழே டர்பைன் காற்றைக் குடிக்கும்.
குளிர்காலத்துக்கு நூற்றெண்பது நாள் இருக்கிறது."
உட்கார்ந்துவிட்டான்.
யாரோ கைதட்டத் தொடங்கித் தனியாக மாட்டிக்கொண்டார்.

கீழ்நாட்டுக்குப் பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், கோடையில்.
எங்களுக்கு வெளிச்சம் வேண்டும், ஜனவரியில்.
ஒரே ஆற்றை இரண்டு முறை செலவழிக்க முடியாதென்று
அவனைவிடத் தெரிந்தவர் அந்த நாட்டில் இல்லை.
ஆனாலும் ஜூலையில் கையெழுத்திட்டான்.
பழைய கடன், எரிவாயு, எல்லை வேலி, ஏதோ ஒன்று.
மதகைத் திறந்த கை என்னுடையது.
மூன்று வாரம் அந்த இரைச்சலில்
பக்கத்துப் படுக்கையில் இருப்பவளிடமும் கத்தித்தான் பேசினேன்.

டிசம்பரில் மின்வெட்டுப் பட்டியல் வந்தது.
முதல் வரியில் எங்கள் ஊர்.
விளக்கடியில் இருட்டு என்பார்கள்,
அணையடிக்கு வந்து பாருங்கள்.
பள்ளிப் பிள்ளைகள் கையுறையோடு எழுதினார்கள்,
எல்லா எழுத்தும் ஆட்டுக்குட்டி மாதிரி உப்பியிருந்தது.
என் மனைவி நாத்யா
படமே இல்லாத தொலைக்காட்சியைப் பார்த்து அவனைத் திட்டினாள்.

ஜனவரி ஒன்பது, காலை ஐந்து.
உதவியாளர் குரல் இல்லை, "இணைக்கிறேன்" இல்லை.
"வலேரி, எவ்வளவு?"
"எண்ணூற்று நாற்பத்திரண்டு."
ஏச்சு தயாராக இருந்தது,
பாதி ரஷ்ய மொழியில், பாதி என் அப்பாவின் கொரிய மொழியில்.
அந்தப் பக்கம் பென்சில் உரசும் சத்தம்.
கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான்.
நடுவில் பேசினால் கணக்குத் தப்பிவிடும்.
பேசவில்லை.

எண்ணூற்று நாற்பதரையில் பனி உருகத் தொடங்கியது.
ஏப்ரலில் அவனை அனுப்பிவிட்டார்கள்.
நாட்டை இருட்டில் வைத்தவன் என்று சுவரில் எழுதினார்கள்.
பொய் என்று சொல்ல மாட்டேன்.

டர்பைன் கூடத்தில் தலைவர்கள் படம் மாட்டும் ஆணி ஒன்று உண்டு.
அவன் தன் படத்தை அனுப்பவேயில்லை.
அந்தப் பதினொரு மாதமும்
என் தொப்பிதான் அதில் தொங்கியது.

இப்போது தலைநகரில், லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் இருக்கிறான்.
பால்கனியில் தக்காளி நாற்றாம்.
இன்றைக்கும் ஐந்து மணிக்கு மணி அடிக்கும்.
எண்ணைச் சொல்கிறேன்.
பென்சில் உரசுகிறது.
எதில் எழுதிக்கொள்கிறான் என்று
நான் கேட்டதில்லை.